சொந்த மைக்செட்

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகும்வரை எங்கள் தெருவில் எல்லாக் கல்யாணங்களும் சத்தமில்லாமல்தான் நடந்தன. மேளம் இருக்கும், பெண்கள் பாடுவார்கள், சண்டையும் நடக்கும். ஆனால் குழாய் கட்ட மாட்டார்கள். குழாய் என்றால் மரத்தின் உச்சியில் ஏறிக் கட்டும் ஒலிபெருக்கி. விடிவதற்கு முன்பே அதில் சாமி பாட்டு ஒலித்தால்தான் இன்ன வீட்டில் விசேஷம் என்று சுற்றுவட்டாரத்துக்குத் தெரியும். எங்கள் விசேஷங்கள் எங்கள் தெருவுக்கு மட்டுமே தெரிந்தன.

வீட்டு வாசலில் நின்றால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். அந்த அளவுக்குச் செஞ்சிக்குப் பக்கம். ஊர் ஒரு புறம், நடுவில் ஏரிக்கரையும் நாலைந்து கழனிகளும், இந்தப் புறம் எங்கள் காலனி. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கோயில், பஸ் நிற்கும் இடம் எல்லாம் ஊரில் இருந்தன. மைக்செட்டும் ஊரில்தான் இருந்தது.

மைக்செட்காரர் நல்ல மனிதர் என்றே நான் நினைத்திருந்தேன். எப்போதும் சிரித்த முகம். எங்கள் தெருவில் இருந்து யார் போய்க் கேட்டாலும் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "தர்றதுக்கு இன்னாப்பா, அன்னிக்கு வேற எடத்துல புக்காயிட்டுதே" என்பார். அல்லது "ஆம்ப்ளிஃபயரு ரிப்பேரு, விழுப்புரத்துக்குக் குடுத்துவுட்டிருக்கேன்" என்பார். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் அந்த ஆம்ப்ளிஃபயருக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிடும். எனக்கு அதன்மேல் பரிதாபமாக இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் அக்கா பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்தார்கள். நைனா கொத்தனார் வேலை செய்தவர். ஊரில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. அவர் போய்க் கேட்டபோது மைக்செட்காரர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். முன்பணமும் வாங்கிக்கொண்டார். நைனா திரும்பி வந்து அதை மூன்று முறை சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் முப்பது முறை சொன்னேன்.

விசேஷத்தன்று காலையில் குழாய் வரவில்லை. சித்தப்பா சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரிப்பேராம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். தளவானூரில் இருந்து மாமா சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கி, "இன்னா மச்சான், பாட்டு கீட்டு ஒன்னியும் காணோம்?" என்று கேட்டார். நைனா பந்தக்காலைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவுக்கு நலங்கு வைத்தார்கள், மாலை போட்டார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது.

மத்தியானம் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கழனிகளைத் தாண்டிப் பாட்டு கேட்டது. ஊரில் யார் வீட்டிலோ காதுகுத்து. குழாய் நன்றாகப் பாடியது. ரிப்பேரான ஆம்ப்ளிஃபயர் இவ்வளவு சீக்கிரம் குணமானது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ரிப்பேருன்னாங்களே நைனா?" என்று அக்கா கேட்டாள். மணையில் உட்கார்ந்தபடி, மாலையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாம்பார் முழுவதும் சோற்றில் இறங்கிய பிறகும் பிசைந்துகொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில், கறவை மாடு வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் மைக்செட் வாங்கப் போவதாக நைனா சொன்னார். சித்தப்பா ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். அவரே ஒரு கணம் திகைத்துவிட்டார். அம்மா சண்டை போடுவாள் என்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "மாடு கத்துனா நம்ம தெருவுக்குத்தான் கேக்கும். போய் வாங்கினு வா" என்றாள்.

சென்னைக்கு நைனாவும் சித்தப்பாவும் போனார்கள். நான் அழுது அடம்பிடித்து மூன்றாவது ஆளானேன். அதுவரை நான் பார்த்த பெரிய ஊர் செஞ்சி. திண்டிவனம் தாண்டியதுமே உலகத்தின் முக்கால்வாசியைப் பார்த்துவிட்டதாக நினைத்தேன். சென்னையில் அந்தச் சந்து முழுக்க ரேடியோவும் ஒயரும் ஸ்பீக்கரும் விற்கிற கடைகள். ஆளுக்கொரு பாட்டு போட்டு, எந்தப் பாட்டும் காதில் நிற்காத சத்தம். சித்தப்பா கடைகடையாக ஏறி வாட்ஸ், ஓம்ஸ் என்று பேசினார். நைனாவோ, வீடு கட்டுமிடத்தில் செங்கல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பெட்டியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலாவது கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரின் மேல் கையை வைத்தவர் எடுக்கவில்லை. சாம்பல் நிறப் பெட்டி. முன்பக்கம் ஆறு கறுப்புத் திருகுகள், ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. தூக்கிப் பார்த்தால் அம்மிக்கல் கனம்.

"இது எவ்ளோ தூரம் கேக்கும்?" என்று கேட்டார்.

"குழாய எவ்ளோ ஒசரத்துல கட்றீங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்றதப் பொறுத்துதாங்க" என்றார் கடைக்காரர்.

"நடுவுல ஒரு ஏரிக்கரை, நாலஞ்சு கழனி. அந்தாண்ட கேக்குமா?"

கடைக்காரர் சிரித்தார். "ஏரிக்கரையா? அடுத்த ஊருக்கே கேக்குங்க."

"அடுத்த ஊருக்கு வேணாம். எங்க ஊருக்குக் கேட்டா போதும்" என்றார் நைனா.

பெட்டியில் மைக்கைச் செருகி என்னிடம் நீட்டிய கடைக்காரர், "பாப்பா, எதனா பேசு" என்றார். பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. என் மூச்சு மட்டும் புஸ்ஸுபுஸ்ஸென்று கடை முழுக்கக் கேட்டது. என் மூச்சுக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நைனா அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டார். இரண்டு குழாய்கள், ஒரு மைக், கேசட் போடுகிற டெக், ஒரு சுருள் ஒயர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டரோடு தகராறு. குழாயைச் சீட்டுக்கு அடியில் தள்ளினால் நுழையவில்லை, மேலே வைத்தால் நிற்கவில்லை. கடைசியில் ஒன்றைச் சித்தப்பா மடியிலும் ஒன்றை என் மடியிலும் வைத்தார்கள். சோறு வடிக்கிற அண்டாவைக் கட்டிப்பிடித்ததுபோல உட்கார்ந்திருந்தேன். ஆம்ப்ளிஃபயர் நைனாவின் மடியில். மேல்மருவத்தூர் பக்கம் வரும்போது எதிர்ச் சீட்டுப் பெரியவர் ஒருவர், "இன்னா பாப்பா, கட்சி மீட்டிங்கா? செட்டு யாருது?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா, "எங்களுது. சொந்தம்" என்றார். பெரியவர் இறங்கிப்போன பிறகும் எங்கள் சீட்டில் அந்தச் 'சொந்தம்' மிச்சம் இருந்தது. செஞ்சி வரும்வரை நைனா முதுகைச் சாய்க்கவே இல்லை.

வீட்டில் அதற்கு இடம் பார்த்தோம். எங்களுடையது அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஓரறை வீடு. நெல் மூட்டை வைக்கும் மூலைதான் ஈரம் படாத மூலை. மூட்டை வாசல் பக்கம் போயிற்று, ஆம்ப்ளிஃபயர் மூலைக்கு வந்தது. நைனா செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசி அதற்கொரு மேடையே கட்டினார். தன் கல்யாணப் புடவையின் முந்தானையை வெட்டி அம்மா அதற்கு உறை தைத்தாள். நாங்கள் கைகால் கழுவாமல் சோற்றுப் பானையைத் தொடலாம், அந்த உறையைத் தொடக்கூடாது. இடி இடித்தால் நைனா முதலில் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவார். அப்புறம்தான் வெளியில் காயும் வடகத்தையும் எங்களையும் உள்ளே எடுப்பார்கள். டெக்கில் கேசட் நாடா உரசும் தலையைப் பஞ்சால் துடைக்கிற வேலை எனக்கு. அதைச் செய்யும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

இன்றைக்கு அந்தப் பெட்டி செஞ்சியில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நான் இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர்கள் என் மகளிடம் இரண்டு இருக்கின்றன. பெட்டி என்னவோ இன்னும் பாடுகிறது. இரண்டு முறை கண்டன்சர் மாற்றியாயிற்று, திருகுகளில் இரண்டு புதியவை. நைனாவுக்கு இப்போது முட்டிவலி. ஆனாலும் வாரம் ஒரு முறை பஸ் ஏறி வந்துவிடுவார். பேத்தியைப் பார்க்க வருவதாகச் சொல்வார். வந்ததும் முதலில் பெட்டியின் பின்பக்கம் தூசு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.

முதல் முறை அதைப் போட்ட நாளைச் சொல்ல வேண்டும். அக்காவின் சடங்கு முடிந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அம்மா அக்காவுக்குச் சடங்குப் புடவையை மறுபடியும் கட்டி, பூ வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அக்கா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு, "போதும்மா, ஊரே சிரிக்கப் போவுது" என்றாள். "சிரிக்கட்டும். கேட்டாத்தான சிரிப்பாங்க" என்றாள் அம்மா. சித்தப்பா பனைமரத்தில் ஏறினார். இரண்டு குழாய்களையும் எங்கள் தெருவைப் பார்த்துக் கட்டத்தான் அவர் போனார். கீழே நின்ற நைனா, "ஒன்ன அந்தாண்ட திருப்பு" என்று ஏரிக்கரையைக் காட்டினார். பாட்டு கிளம்பியதும் தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் ஏரிக்குள் ஓடின. கிழவர்கள் வெளியே வந்தார்கள். பிள்ளைகள் பனைமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அக்கா முகத்தில் இருந்து கையை எடுத்துவிட்டாள். அதே நாளில் என் பெயரும் மாறிப்போனது. பள்ளிக்கூடத்தில் நான் 'மைக்செட் வூட்டுப் பொண்ணு' ஆனேன். முதல் ரேங்க் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அடுத்த ஒரு வருஷம் எங்கள் செட்டுக்கு ஓய்வே இல்லை. தொண்டூர், மேல்சித்தாமூர் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கள் தெருவைப் போன்ற தெருக்களில் இருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி. நைனா கொத்து வேலையைப் பாதி நாள் விட்டுவிட்டுக் குழாய் கட்டப் போனார். யார் கேட்டாலும் ரிப்பேர் என்று மட்டும் சொன்னதில்லை.

மறு ஆடியில் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா. தேர் கிளம்ப வேண்டிய நாளில், காலையில் பெய்த மழையில் மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயருக்குள் தண்ணீர் இறங்கிப் புகைந்துவிட்டது. ஆடி மாதம் என்பதால் செஞ்சியில் ஒரு செட்டும் மிச்சமில்லை. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அவரை எங்கள் தெருவில் நான் பார்த்தது அதுவே முதல் முறை. மொபெட்டைவிட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றார். சிரிப்பு இருந்தது, ஆனால் அளவு குறைந்திருந்தது.

"செட்ட குடுப்பா. சாயந்திரம் வரைக்கும்தான். நானே ஓட்டிக்கறேன்" என்றார். அவர் நைனாவைவிட ஏழெட்டு வயது சின்னவர்.

தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பின்னால் இருந்து யாரோ, "ரிப்பேருன்னு சொல்லுண்ணா!" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது. நைனாவின் கையைப் பிடித்து இழுத்து, "ஆமா நைனா, ரிப்பேருன்னு சொல்லு" என்றேன்.

நைனா என்னைப் பார்த்த பார்வையில் நான் கையை விட்டுவிட்டேன்.

"செட்டு நல்லாத்தாங்க இருக்குது" என்று அவர் மைக்செட்காரரிடம் சொன்னார். "தர்றேன். ஆனா என் செட்ட நான்தான் ஓட்டுவேன். வேற யாரும் தொடக்கூடாது."

"கோயிலாண்டப்பா."

"தெரியுங்க. நான் பூசின செவுருதான அது."

மைக்செட்காரர் காலை எடுத்து வண்டியில் வைத்தார். பிறகு மறுபடியும் ஊன்றினார். "ஊர்ல கேட்டுட்டு வர்றேன்" என்று போனார். தெருவில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சித்தப்பா, "வரமாட்டாங்க, நீ போய்ச் சாப்புடுண்ணா" என்றார். நைனா சாப்பிடப் போகவில்லை. உள்ளே போய் உறையை எடுத்து, பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே காலையில் துடைத்த பெட்டி.

முக்கால் மணி நேரம் கழித்து மொபெட் திரும்பி வந்தது. இந்த முறை அவர் இறங்கி வண்டியை நிறுத்தினார். வா என்றும் சொல்லாமல், வாங்க என்றும் சொல்லாமல், "கெளம்பலாமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அம்மா துணி வைக்கும் டிரங்குப் பெட்டியில் இருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். என்னைக் கூப்பிட்டு, ஏற்கெனவே பின்னியிருந்த சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். இழுத்துப் பின்னியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. "இவளும் வர்றாளா?" என்று சித்தப்பா தயங்கினார். "வரட்டும்" என்றார் நைனா. சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக் கட்டினார்கள். சித்தப்பா தோளுக்கொரு குழாயாகத் தூக்கிக்கொண்டார். நான் கேசட் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஏரிக்கரைவரை எங்கள் தெருவே கூட வந்தது. அதற்கு மேல் நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம்.

கோயில் தெருவில் கூட்டம். வாழைமரம், தோரணம், தேருக்கு முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியிருந்தார்கள். கோயில் மதில் ஓரமாக ஒரு மேசை. பெட்டியை மேசைமேல் வைத்து நைனா ஒயர்களை இழுத்துக் கட்டினார். சித்தப்பா அரச மரத்தில் ஏறினார். வேலை முடிந்ததும் நைனா நின்றுகொண்டே இருந்தார். மைக்செட்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குள் போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து மேசையருகில் விரித்துப் போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தபடி போய்விட்டார்.

நாற்காலி கொஞ்ச நேரம் வெறுமனே கிடந்தது. அதைக் கோயில் தெருவே பார்த்தது. எனக்குக் கால் வலித்தது, நைனா உட்காராவிட்டால் நான் உட்காரலாமே என்று நினைத்தேன். அப்போது நைனா வேட்டியைச் சரிசெய்துகொண்டு அதில் உட்கார்ந்தார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மாதிரியே, முதுகைச் சாய்க்காமல். எதிர்ப்பக்கம் ஒரு பெரியவர் இருமினார்.

கரண்ட் கொடுத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. நைனா மைக்கை எடுத்து விரலால் இரண்டு தட்டு தட்டினார். மரத்தில் இருந்த காக்காய்கள் எழும்பிப் பறந்தன. மைக்செட் போடுகிற எவரும் முதலில் சொல்வது ஒன்றுதான். அலோ, மைக் டெஸ்டிங், ஒன்னு ரெண்டு மூனு. எத்தனையோ கல்யாணங்களில் நைனாவே அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நைனா "அலோ" என்றார். அப்புறம் நிறுத்திவிட்டார். மைக்கில் அவர் எச்சில் விழுங்கிய சத்தம் கேட்டது. பிறகு தன் பெயரைச் சொன்னார். தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார். நிதானமாக, ஒவ்வொன்றாக. அவர் குரல் தேரைத் தாண்டி, மாடி வீடுகளைத் தாண்டி, ஏரிக்கரைப் பக்கம் போனது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இவ்வளவு கூட்டத்தில் நைனா மறந்துவிட்டாரே! நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக, "நைனா, ஒன்னு ரெண்டு மூனு சொல்லணும்" என்றேன்.

"சொல்லியாச்சுமா. நீ கேசட்ட எடு" என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. தேர் நகர்ந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சித்தப்பா என்னை வீட்டில் விட்டுவரக் கூட்டிப் போனார். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அக்காவும் தெருப் பெண்களும் அவளைச் சுற்றி நின்றிருந்தார்கள். யார் கையிலும் வேலை இல்லை. எல்லோருடைய முகமும் ஏரிக்கரைப் பக்கமே இருந்தது.

வழி நெடுக நான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். இதை யாருக்கும் தெரியாமல் அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டும். அவளைக் குனியச் சொல்லி, "நைனா மைக் டெஸ்டிங்க தப்பா சொல்லிடுச்சும்மா. ஒன்னு ரெண்டு மூனு சொல்லாம பேரச் சொல்லிடுச்சு" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி சொல்லியிருக்கலாம்."

தப்பாகச் சொன்னதை எதற்கு இன்னொரு வாட்டி சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் இந்தப் பேச்சை யாரும் எடுத்துவிடக்கூடாதே என்றுதான் கவலையாக இருந்தது.